பங்கில் ஆள் இல்லை, நீங்கள்தான் ஆள்

அத்தியாயம் 7: அமெரிக்காவில் தானே பெட்ரோல் போடுவது

நம் ஊர் பங்கில் வண்டியை நிறுத்தியதும் ஒருவர் வருவார். "எவ்வளவு சார்?" என்பார், "ஜீரோ பார்த்துக்குங்க" என்பார், போட்டு முடித்து மூடியைத் திருகிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பெட்ரோல் ஊற்றுவது மட்டுமே அவர் வேலை என்று நமக்குத் தோன்றும். எஞ்சினை அணைக்கச் சொல்வது, பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று பார்ப்பது, பக்கத்தில் பீடி பற்றவைப்பவரை விரட்டுவது, டேங்க் நிரம்பும் நேரத்தில் நாசிலில் ஒரு கண் வைத்திருப்பது, எல்லாமே அவர் பொறுப்புதான். அமெரிக்க பங்கில் அந்த ஆள் இல்லை. கடைக்குள் கல்லாவில் ஒருவர் இருப்பார். காபியும் சிப்ஸும் விற்றுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பம்புகளைப் பார்ப்பார், அவ்வளவுதான். வெளியே நடப்பது அத்தனைக்கும் நீங்களே பொறுப்பு.

1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஒரு பங்க், நீங்களே போட்டுக்கொண்டால் விலை குறைவு என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தது. அந்தப் பழக்கம் மெல்ல நாடு முழுக்கப் பரவிவிட்டது. விதிவிலக்கு நியூ ஜெர்சி. அங்கே 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் ஊழியர்தான் போட வேண்டும். நீங்கள் இறங்கி நாசிலைத் தொட்டால் ஓடிவந்து தடுப்பார்கள். ஒரேகனிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 2023 ஆகஸ்டில் சட்டத்தை மாற்றினார்கள். மற்ற மாநிலங்களில் இறங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பெட்ரோலை அங்கே எல்லாரும் 'கேஸ்' என்பார்கள். இந்த நூலில் நமக்குப் பழகிய பெயரையே வைத்துக்கொள்வோம்.

விதிகளை மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது. அதனால் காரணத்திலிருந்து தொடங்குவோம்.

எரிவது எது?

பெட்ரோலில் தீப்பற்றுவது அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பெட்ரோல், தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். டீசல் அப்படியில்லை, அது 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். மினசோட்டாவின் ஜனவரிப் பனியில் நின்றாலும் பெட்ரோல் பம்பில் ஆபத்து இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல், தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி கலந்திருந்தால் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. டேங்குக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அங்கே பற்றாது. வெளிக்காற்றோடு கலக்கும் இடமான டேங்கின் வாய்தான் ஆபத்தான இடம். உள்ளே பெட்ரோல் ஏற ஏற, அங்கிருந்த ஆவி அந்த வாய் வழியாகத்தான் வெளியே தள்ளப்படுகிறது.

2000-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் பயணியர் கார்களில் இந்த ஆவியைப் பிடித்து, கரித்தூள் அடைத்த ஒரு பெட்டிக்குள் அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆபத்து குறைந்திருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை. நிறையப் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. புதிய காரிலும் ஓரளவு ஆவி வெளியேறும். மூக்கில் வாசனை அடிப்பதே அதற்குச் சாட்சி.

ஆவி, காற்று, ஒரு பொறி. முதல் இரண்டும் பம்பு அருகே எப்போதும் இருக்கின்றன. மூன்றாவதை நாம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். இந்த அத்தியாயத்தில் வரும் விதிகளில் முக்கால்வாசி இந்த ஒன்றுக்காகத்தான்.

பங்குக்குள் நுழையும்போது

டேங்க் மூடி காரின் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். டாஷ்போர்டில் பெட்ரோல் முள் இருக்கும் இடத்தில் பம்புப் படத்தின் அருகே ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம்தான் மூடி. ஃபோர்டு நிறுவனத்தின் ஜிம் மொய்லன் 1986-இல் எழுதிக் கொடுத்த யோசனை இது. வாடகைக் காரில் இது பேருதவி. ஹோஸைக் காரின் மேல் இழுத்துக் குறுக்காக வளைத்துப் போடாதீர்கள். மூடி இருக்கும் பக்கம் பம்பு வரும்படி நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் கியர் பார்க்கில், எஞ்சின் அணைப்பில். ஹைப்ரிட் காரில் எஞ்சின் சத்தமே இருக்காது. ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பட்டனை அழுத்தி, டாஷ்போர்டு விளக்குகள் அணைந்ததைப் பார்த்த பிறகே இறங்குங்கள். குளிர்காலத்தில் உள்ளே இருப்பவர்களுக்காக ஹீட்டரை ஓடவிட ஆசை வரும். ஐந்து நிமிடக் குளிர் யாரையும் ஒன்றும் செய்யாது.

பிளக்-இன் ஹைப்ரிட் கார் என்றால் மூடியைத் திறக்க உள்ளே தனி பட்டன் இருக்கும். அதை அழுத்தி, டேங்கின் அழுத்தம் வெளியேறும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும். கதவு திறக்கவில்லை என்று நெம்பாதீர்கள்.

இறங்கும்போது சாவி உங்கள் பையில் இருக்கட்டும், மற்ற கதவுகள் பூட்டியிருக்கட்டும். நீங்கள் ஒரு பக்கம் பெட்ரோல் போடும்போது மறுபக்கக் கதவை ஓசையில்லாமல் திறந்து, சீட்டில் கிடக்கும் கைப்பையையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போகிற திருட்டு அமெரிக்க நகரங்களில் சாதாரணம்.

பணம் கட்டுவது

பம்பிலேயே கார்டைச் செருகலாம் அல்லது தொட்டுக் காட்டலாம். தொட்டுக் காட்டுவது நல்லது. கார்டு விவரத்தைத் திருடும் கருவியைச் செருகும் இடத்தில் ஒட்டிவைக்கும் மோசடி பம்புகளில்தான் அதிகம். செருகியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பகுதியை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, பம்பின் மேல் ஒட்டிய பாதுகாப்புப் பட்டை கிழிந்திருந்தாலோ வேறு பம்புக்குப் போங்கள்.

இந்தியக் கார்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. திரையில் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும். நம் பின்கோடு ஆறு இலக்கம். பம்போடு போராடாமல் பம்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குள் போய், "ஃபார்ட்டி டாலர்ஸ் ஆன் பம்ப் ஃபைவ்" என்று சொல்லிக் கட்டுங்கள். நாற்பது டாலருக்கு முன்பே டேங்க் நிரம்பிவிட்டால் மீதியைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். டெபிட் கார்டை பம்பில் காட்டினால், போட்ட தொகை எதுவானாலும் 175 டாலர் வரை சில மணி நேரமோ சில நாளோ முடக்கிவைக்கக்கூடும். கணக்கில் பணம் குறைவாக இருக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த நாசில்?

நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்காவில் டீசல் நாசிலின் பிடி பெரும்பாலும் பச்சை, பெட்ரோலுக்குக் கறுப்பு. பிரிட்டனில் இதற்கு நேர்மாறு: பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவிலேயே பிபி பங்குகளில் பெட்ரோலுக்கும் பச்சைப் பிடி உண்டு. பம்பில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் நாசிலை எடுக்க வேண்டும்.

பெட்ரோலில் 87, 89, 91 அல்லது 93 என்று மூன்று எண்கள் இருக்கும். அவை ஆக்டேன் அளவு. நம் ஊரில் 91 என்று பார்த்துப் பழகியவர்கள் 87-ஐக் கண்டு மட்டமான பெட்ரோல் என்று நினைப்பார்கள். அளவிடும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் ஊர் 91-க்கு ஏறக்குறையச் சமம். காரின் கையேட்டில் வேறு சொல்லியிருந்தாலொழிய 87 போதும். மஞ்சள் பட்டன் கொண்ட 'ஈ85' என்பது பெரும்பகுதி எத்தனால். அதற்கென்று தயாரித்த காரில் மட்டும் போடலாம்.

டீசல் நாசிலின் குழாய் தடிமனானது. பெட்ரோல் காரின் வாயில் சாதாரணமாக நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது எச்சரிக்கை. பெட்ரோல் நாசிலோ ஒல்லியானது, டீசல் வண்டியின் வாயில் தாராளமாக நுழைந்துவிடும். அதனால் டீசல் வண்டி ஓட்டுபவர்தான் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

படிப்படியாக

1. நாசிலைத் தொடும் முன் காரின் கதவுச் சட்டம் போன்ற வெறும் உலோகத்தை, டேங்க் வாய்க்குத் தள்ளி, வெறும் கையால் தொடுங்கள். சீட்டில் உரசி இறங்கியபோது உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் அங்கே இறங்கிவிடும்.

2. டேங்க் மூடியை மெல்லத் திருகித் திறங்கள். வெயில் நாளில் 'புஸ்' என்று ஆவி வெளிவரும். அது அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

3. நாசிலை எடுத்து முழுக்க உள்ளே செருகுங்கள். பாதி செருகிய நாசில் நழுவி விழும்.

4. வேண்டிய வகையின் பட்டனை அழுத்துங்கள். ஜீரோவை இப்போது நீங்களே பார்க்க வேண்டும்.

5. விசையை மெதுவாக இழுத்துத் தொடங்குங்கள். நாசிலின் பிடியில் ஒரு சிறு கொக்கி இருக்கும். விசையை அதில் மாட்டிவிட்டால் கை எடுத்துவிடலாம். சில இடங்களில் கொக்கி இருக்காது. அங்கே டேங்க் மூடியையோ பேனாவையோ இடையில் சொருகி விசையைப் பூட்டிவைக்கும் குறுக்குவழியை யாராவது காட்டுவார்கள். செய்யாதீர்கள், தானாக நிற்க வேண்டிய நாசில் அப்போது நிற்காமல் போகலாம்.

6. காற்று வரும் திசையில், நாசிலுக்கு அருகிலேயே நில்லுங்கள். பெட்ரோல் ஆவியில் பென்சீன் உண்டு. அதை முகர்ந்துகொண்டு நிற்பதில் எந்த லாபமும் இல்லை.

7. 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். சில நொடி விட்டு, நாசிலின் நுனி மேல் நோக்கி இருக்குமாறு எடுத்து, சொட்டு விழாமல் பம்பில் மாட்டுங்கள். மூடியை 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். வண்டியைக் கிளப்பும் முன் ஹோஸ் பம்பில்தான் தொங்குகிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

அந்த 'டக்' எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஏழாவது விதியை மீற மாட்டீர்கள். நாசில் நுனியில் உட்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்த ஓட்டை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்கில் பெட்ரோல் ஏறி ஓட்டையை மூடியதும் காற்று நின்றுபோகும். உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வு இழுபட்டு விசையை விடுவிக்கும். மின்சாரமோ சென்சாரோ எதுவும் இல்லாத எளிய ஏற்பாடு. 'டக்' கேட்ட பிறகும் "ரவுண்டாக நாற்பது டாலர் ஆகட்டும்" என்று விட்டுவிட்டு அழுத்தினால், டேங்கில் ஆவிக்கு விட்டிருக்கும் இடத்தில் பெட்ரோல் ஏறி, முன்பு சொன்ன கரித்தூள் பெட்டிக்குள் புகும். ஆவிக்காக வைத்த பெட்டி திரவத்தில் நனைந்தால் கெட்டுப்போகும். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், மெக்கானிக் பில் சில நூறு டாலருக்கு வரும்.

நடுவில் காருக்குள் ஏறாதீர்கள்

கொக்கியை மாட்டிவிட்டோம், இரண்டு நிமிடம் இருக்கிறது, வெளியே குளிர். காருக்குள் ஏறி உட்கார்ந்து, நாசில் நின்றதும் இறங்கி வந்து எடுக்கலாம் என்று தோன்றும். அமெரிக்க பங்குகளில் நிலைமின்சாரத்தால் பற்றிய தீ விபத்துகளைப் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற தொழில் அமைப்பு சேகரித்துப் பார்த்தது. அவற்றில் கணிசமானவை இப்படி நடுவில் ஏறி இறங்கியவர்களுக்கு நேர்ந்தவை.

முதல் முறை இறங்கி உலோகத்தைத் தொடும்போதும் உடம்பில் மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்போது டேங்க் மூடியிருக்கிறது, வாயருகே ஆவி இல்லை. பொறி பறந்தாலும் பற்ற ஒன்றும் இல்லை. நடுவில் ஏறி, சீட்டில் உரசி, மறுபடி இறங்கி வரும்போது டேங்கின் வாயைச் சுற்றி ஆவி நிறைந்திருக்கிறது. அந்த இடத்தில் உலோக நாசிலை நோக்கி விரலை நீட்டுகிறீர்கள். கதவுப் பிடியைத் தொடும்போது 'சுள்' என்று உறைக்குமே, அந்த அளவு பொறியே பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையானதைவிட அதிகம்.

குளிர்காலத்தில் இது கூடுதல் ஆபத்து. காற்று வறண்டிருக்கும், கம்பளி ஸ்வெட்டரும் பாலியஸ்டர் ஜாக்கெட்டும் சீட்டுத் துணியில் உரசி மின்சாரத்தைச் சேர்க்கும். சென்னையின் ஈரக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இந்த 'சுள்' பழக்கமே இல்லை என்பதால் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். பர்ஸை எடுக்கவோ குழந்தை அழுதோ ஏறியே ஆக வேண்டியிருந்தால், முதலில் விசையை விட்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் நாசிலிடம் போகும் முன் தள்ளியிருக்கும் உலோகத்தை மறுபடி தொடுங்கள்.

இங்கே செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்பில் போனுக்குத் தடை என்று ஒட்டியிருப்பார்கள். செல்போனின் அலையால் பங்கில் தீப்பற்றியதாக உறுதியான நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை. போனின் மேல் பழி விழுந்த பல தீக்களுக்கு நிலைமின்சாரமே காரணமாக இருந்தது. ஆனாலும் போனைப் பையிலேயே வையுங்கள். பேசிக்கொண்டே நாசிலை மாட்டாமல் வண்டியைக் கிளப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சிகரெட்டுக்கும் லைட்டருக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகள் உள்ளேயே இருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். நாசிலைப் பிடிக்கக் கொடுத்துப் போட்டோ எடுப்பது வேண்டாம்.

கேனில் வாங்கும்போது

தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் வாங்கி நடுவழியில் நின்ற பைக்குக்கு ஊற்றிய பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பெட்ரோல் சாதாரண பிளாஸ்டிக்கை இளக்கும். ஆவி அழுத்தத்தில் மூடி தெறிக்கும். 2021 மே மாதம் கொலோனியல் குழாய்வழி இணையத் தாக்குதலால் முடங்கி, கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்ப வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே அறிவிக்க வேண்டி வந்தது.

பெட்ரோலுக்கு என்று அனுமதி பெற்ற கேன் வாங்குங்கள். சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு, நீலம் மண்ணெண்ணெய்க்கு. போடும்போது கேனைக் கட்டாயம் தரையில் வையுங்கள். டிக்கிக்குள் விரித்த பாயின் மேலோ, பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் தளத்தின் மேலோ வைத்தால் மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனிலேயே சேரும். நாசில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், மெதுவாக நிரப்புங்கள், மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

*சிந்திவிட்டால்:* கடைக்காரரிடம் சொல்லுங்கள். உறிஞ்சும் துகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது முடியும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.

*மேலே பட்டால்:* சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில். உடை நனைந்திருந்தால் முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள்; உலர்ந்த துணியை உருவும் உரசலே பொறிக்குப் போதும். யாராவது டியூப் வைத்து வாயால் உறிஞ்சி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 911.

*மாற்றிப் போட்டுவிட்டால்:* சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கைக் காலி செய்தால் போதும். செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் போகும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

*நாசிலோடு வண்டியைக் கிளப்பிவிட்டால்:* ஹோஸில் ஓர் இணைப்பு இதற்காகவே வைத்திருக்கிறார்கள். இழுத்தால் அது பிரிந்து இரு பக்கமும் அடைத்துக்கொள்ளும். நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், நீங்களாக மாட்டிவைக்க முயலாமல் கடைக்குள் போய்ச் சொல்லுங்கள்.

*தீப்பற்றினால்:* நாசிலை உருவாதீர்கள். கை தானாக அதைத்தான் செய்யப் பார்க்கும். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். தீ டேங்கின் வாயில்தான் எரிகிறது. உள்ளே காற்றுப் போதாததால் அது உள்ளே இறங்காது. நாசிலை இழுத்தால், கொக்கி மாட்டிய நாசில் தீயின் மேலும் உங்கள் மேலும் பெட்ரோலைப் பீய்ச்சும். ஒரு நொடியில் அது பெரிய தீயாகிவிடும். நாசிலை அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள். காரில் ஆள் இருந்தால் மறுபக்கக் கதவு வழியாக இறக்குங்கள். கடைக்காரரைக் கத்திக் கூப்பிடுங்கள். அவர் எல்லாப் பம்புகளையும் நிறுத்துவார். சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் வெளியிலும் இருக்கும், விதிப்படி பம்பிலிருந்து 20 முதல் 100 அடிக்குள். தீயைத் தாண்டாமல் அதை எட்ட முடிந்தால் நீங்களே அழுத்தலாம். பிறகு 911. கார் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது.

முதல் முறை போகும்போது

டேங்க் காலியாகி விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள். பகல் நேரத்தில், கூட்டமில்லாத பங்கில், பழக்கமானவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பத்து டாலருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார் என்ற பயம் வேண்டாம். அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கார் ஓட்டாத மனைவியோ, கணவரோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ கூட இருந்தால், சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டிவிடுங்கள். நாசில் உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் அதை அழுத்த வேண்டியவர் அவராகவும் இருக்கலாம்.